மதலேனம்மாள் முடி

அத்தியாயம் ஏழு

“பாட்டில்ல இவ்ளோதான் இருந்துச்சா?”

“இருந்தது அவ்ளோதான்.”

“நேத்து கழுத்து வரைக்கும் இருந்துச்சே.”

“நேத்து இருந்துச்சி. இன்னிக்குக் காலைல நான் தலைக்குத் தேச்சிக்கினேன்.”

“மொத்தமுமா?”

“என் தலை பெருசு.”

கவிழ்த்துப் பிடித்த பாட்டிலின் வாயில் ஒரு சொட்டு, இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு தொங்கியது. அதையும் விடாமல் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு இருதயநாதன் தெருப் பக்கத்து ஜன்னலுக்குப் போனான். அங்கே கவிழ்த்து வைத்த பானையின் மேல் ஒரு பெண்ணின் கூந்தல் விரித்துக் கிடந்தது. பானைக்கு முகம் இல்லை. ஆனாலும் தெருவில் போகிறவர்கள், யாரோ ஒருத்தி ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒரு கணம் நினைத்துவிட்டுப் பிறகு சிரித்துக்கொண்டு போவார்கள்.

அந்த ஒரு சொட்டை அவன் இரண்டு கைகளிலும் பரப்பி, கூந்தலின் நுனியிலிருந்து மேலாகத் தடவினான். மரச் சீப்பை எடுத்தான். சிக்கு இருக்குமிடத்தில் முடியை விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டு, பிடித்த இடத்துக்குக் கீழே மட்டும் வாரினான். இழுத்தால் யாருக்கோ வலிக்கும் என்பதுபோல.

அவன் மனைவி லூர்துமேரி அடுப்பங்கரை வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முடி முழங்கால் வரைக்கும் இருந்தது. அதிலிருந்து தேங்காய் எண்ணெய் ரவிக்கையின் முதுகில் இறங்கி நனைத்துக்கொண்டிருந்தது. உலகச் சண்டை முடிந்தும் ரேஷன் முடியாத நாட்கள் அவை. நல்ல எண்ணெய் ஒரு பாட்டில் கிடைப்பதற்குத் திண்டிவனம் வரை ஆள் சொல்லி வைக்க வேண்டும். அப்படிக் கிடைத்ததை ஒரே வேளையில் தலையில் கொட்டிக்கொண்டவள் வேறு யாராவதாக இருந்தால் லூர்துமேரியே பைத்தியம் என்று சொல்லியிருப்பாள்.

சில வீடுகளில் செத்துப்போனவர்களின் படம் மாட்டியிருக்கும். இந்த வீட்டில் இருந்தது உயிரோடு இருக்கும் ஒருத்தியின் முடி.

அதை அந்தத் தெருவில் யாரும் டோப்பா என்று சொல்லமாட்டார்கள். மதலேனம்மாள் முடி என்றுதான் சொல்வார்கள். ஈஸ்டருக்கு முன் தபசு காலம் முடிகிற வாரத்தில், ஆண்டவர் பாடுபட்ட கதை மாதா கோயில் மைதானத்தில் பாஸ்கா நாடகமாக நடக்கும். அதில் மரிய மதலேனம்மாள் வேஷம் கட்டுகிறவன் அந்த முடியால்தான் ஆண்டவருடைய பாதத்தைத் துடைப்பான். சணலும் நூலும் அதற்கு ஆகாது. பங்கைச் சேர்ந்த ஒரு பெண் பொருத்தனை செய்து, பிடரியோடு வெட்டிக் கொடுத்ததாக இருக்க வேண்டும். கொடுத்தவள் கன்னிப்பெண்ணானால், முடி மறுபடியும் இடுப்புக்கு வளரும் வரையில் அவளைப் பெண் கேட்டு யாரும் போகக்கூடாது. பழைய முடி நைந்து புதியது வேண்டுமென்றால், போன தடவை கொடுத்தவள் கையால்தான் அடுத்தவளுடையதை வெட்ட வேண்டும். யார் போட்ட சட்டமோ, சாமியாருக்கே தெரியாது. மீறினவர்களும் கிடையாது.

போன தடவை கொடுத்தவள் மரியசெல்வம். இருதயநாதனின் சொந்த அத்தை மகள். தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து அவனுக்கென்று பேசி வைத்திருந்தவள். கல்யாணத்துக்கு நாள் பார்க்கிற சமயத்தில் கோயிலுக்குப் போய் முடியைக் கொடுத்துவிட்டு வந்து நின்றாள். அந்த வருஷம் மதலேனம்மாள் வேஷம் கட்டியவன் இருதயநாதனேதான். மீசை சரியாக முளைக்காத ஒல்லிப் பையன், கட்டிக்கொள்ள இருந்தவளின் முடியைத் தன் தலையிலே வைத்துக்கொண்டு மேடையில் அழுதானாம். பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். அன்றிலிருந்து அந்த முடியைப் பாதுகாப்பது அவன் பொறுப்பாயிற்று. அவன் நைனா அருளானந்தம் அப்போது படுக்கையில் இருந்தார். முடி இடுப்புக்கு வரும் வரைக்கும் அவர் உயிர் காத்திருக்காது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். வல்லத்திலிருந்து லூர்துமேரியைக் கொண்டுவந்தார்கள்.

இவ்வளவையும் லூர்துமேரி ஐந்து வருஷமாக ஒருவிதமாக விழுங்கி வைத்திருந்தாள். பெங்களூர்ப் பட்டாளத்து ஆஸ்பத்திரிக்கு நர்ஸாகப் போன மரியசெல்வம், போன சனிக்கிழமை, கரியில் ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்கும் வரையில்.

அவள் இறங்கும்போது முந்தானை காற்றில் விலகியது. செஞ்சிக் கடைத்தெரு முழுக்கப் பார்த்தது. முடி காது மடலோடு நின்றிருந்தது. வெற்றிலைக் கடைக்காரர் விஷக் காய்ச்சலில் எடுத்திருப்பார்கள் என்றார். கன்னியாஸ்திரீ மடத்துக்குப் போய்ப் பாதியில் ஓடிவந்துவிட்டாள் என்றாள் ஒருத்தி. வெள்ளைக்காரிகளோடு சேர்ந்து கெட்டுப்போனாள் என்பதுதான் மற்ற எல்லோருடைய தீர்மானமும். லூர்துமேரியின் மகள் அமலிக்கு நாலு வயது. ஆறு மாதத்துக்கு முன் மொட்டை அடித்து, இப்போதுதான் முளைத்துக்கொண்டிருக்கும் தலை. அவள் மட்டும், பெரியம்மாவும் நம்மோடு வேளாங்கண்ணிக்கு வந்தாங்களா என்று கேட்டாள். ஒரு பெண்ணின் பிடரியில் இத்தனை சேதி எழுதியிருக்கிறது என்பது சம்பந்தப்பட்டவளுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ.

லூர்துமேரிக்கு அன்று ராத்திரி நல்ல தூக்கம் வந்தது. அவ்வளவு முடியும் போய்விட்டதே என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். மறுநாள் மரியசெல்வம் வீட்டுக்கு வந்தாள். மோர் வாங்கிக் குடிக்கையில் அண்ணாந்தாள். இருதயநாதனின் கண் அவளுடைய வெறும் கழுத்தில் போய் நின்றுவிட்டு, யாரோ அதட்டியதுபோல விலகியது. அந்தச் சந்தோஷம் அத்தோடு போயிற்று.

நேற்று ஒத்திகையில் இன்னொன்று நடந்தது. இந்த வருஷத்து மதலேனம்மாள் பெரியதம்பி என்கிற பையன். பாதத்தைத் துடைத்துவிட்டு அவன் நிமிர்ந்தபோது கொத்தாக முடி அவன் கையோடு வந்துவிட்டது. உபதேசியார் எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: மரியசெல்வம் ஊரில் இருக்கிறாள், திங்கட்கிழமை போய்விடுவாள், அதற்குள் யாராவது புது முடி கொடுத்தால் நல்லது. சொல்லிவிட்டு அவர் லூர்துமேரியின் பின்னலைப் பார்த்தார். எல்லோருமே பார்த்தார்கள்.

இருதயநாதன் மட்டும் கீழே விழுந்த முடிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே, “இன்னொரு வருஷம் தாங்கும்” என்றான்.

அந்த மூன்று வார்த்தையோடுதான் லூர்துமேரி விடியும் வரை படுத்திருந்தாள். விடிந்ததும் போய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்தாள்.

அவன் தையற்கடைக்குக் கிளம்பிப் போன பிறகு, மாமியார் ராயம்மாளிடம் விஷயத்தைச் சொன்னாள். ராயம்மாள் முற்றத்தில் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். முதலில் காதில் விழாதவள்போல் இரண்டு கடலை உடைத்தாள். மூன்றாவதை உடைக்கவில்லை.

“இன்னா சொன்னே?”

“என் முடியைக் குடுக்கப் போறேன் அத்தை.”

“யாருக்கு நோவு? யாருக்குப் பொருத்தனை?”

ராயம்மாள் எழுந்து வந்து மருமகளின் பின்னலைக் கையில் எடுத்து, எடை பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்க எண்ணெய் ஆனது. தபசு காலத்தில் இவ்வளவு எண்ணெயா என்று அதற்கும் ஒரு பாட்டு விழுந்தது. அதற்கப்புறம்தான் குரல் இறங்கியது.

“உன்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ நான் மூஞ்சியைக்கூட சரியா பாக்கல, தெரியுமா? திரும்பி நில்லுன்னேன். அவ பண்ணிட்டுப் போன வேலைக்கு, ஊரு கண்ணுல படற மாதிரி ஒருத்தி இந்த வீட்டுக்கு வரணும்னு இருந்துச்சி எனக்கு. இதை வெட்டிட்டு நாளைக்குக் கொண்டைக்கு இன்னா பண்ணுவே? என் சவுரிய வெச்சிக்குவியா?”

ராயம்மாளின் சவுரி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எலி வாலை நினைவூட்டும் சாமான். வேறு சமயமாக இருந்தால் லூர்துமேரி சிரித்திருப்பாள். இப்போது அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான். இந்த வீட்டுக்குள் தன்னைக் கொண்டுவந்தது கூடத் தன் முடி இல்லை. வெட்டப்பட்ட இன்னொருத்தியின் முடி.

லூர்துமேரியின் தலையில் அடக்கமான பெண் என்று எழுதியிருந்தது. பொறுமைசாலி, நல்ல குடும்பம், சொன்னதைக் கேட்பவள் என்றெல்லாம் எழுதியிருந்தது. வாயைத் திறக்கும் முன்பே முடி எல்லாவற்றையும் சொல்லிவிடும். கோபத்தில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றபோதுகூட, பார்த்தவர்கள் அந்தப் பின்னலைப் பார்த்து, எவ்வளவு சாந்தமான பெண் என்றுதான் சொன்னார்கள். கட்டினவன் ஒருவன்தான் அதைப் படிக்கவே இல்லை.

வெயில் தாழ்ந்ததும், அமலியை மாமியாரிடம் விட்டுவிட்டு முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு புறப்பட்டாள். ராஜகிரிக்குப் பின்னால் சூரியன் இறங்கத் தொடங்கியிருந்தது. மலையின் நிழல் கோட்டையைத் தாண்டி, வயல்களைத் தாண்டி, கடைத்தெருவின் கூரைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தது. அவள் நிழலுக்கு முன்னால் நடந்தாள். வழியில் குழாயடியில் நின்ற வள்ளியம்மாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, எங்கே இவ்வளவு வேகம், அந்த கிராப்புக்காரியைப் பார்க்கவா, ஜாக்கிரதை, உனக்கும் கிராப்பு வைத்து அனுப்பிவிடப் போகிறாள் என்றாள். குழாயடியே சிரித்தது. அதற்காகத்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டு லூர்துமேரி நடந்தாள். அது ஹாஸ்யம் என்று நினைத்து அவர்கள் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள்.

மரியசெல்வம் கொல்லையில் தலை குளித்துவிட்டு வந்து நின்றாள். அவளுடைய நைனா யாகப்பன் வாதத்தில் படுத்து ஒரு வருஷமாகிறது. அவரைக் கவனிக்கத்தான் லீவு எடுத்து வந்திருந்தாள். அவருடைய துணிகளைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். லூர்துமேரியைப் பார்த்ததும் வா என்று கூப்பிட்டு, தோளில் கிடந்த துண்டால் தலையை ஒரு முறை அழுத்தித் துவட்டினாள். கையால் ஒரு முறை கோதினாள். முடிந்தது.

லூர்துமேரி தலை குளித்தால் காய்வதற்கு அரை நாள் ஆகும். சாம்பிராணிப் புகை, வெயில், சிக்கெடுக்க மாமியார், ஈரத்தில் வரும் தலைவலி. ஒரு பெண் இப்படிக் கோழிபோலச் சிலிர்த்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட முடியும் என்பது அவள் கேள்விப்படாத சுகம். இதுநாள் வரை அவள் வெட்டிக் கொடுத்த முடிக்காக எரிந்தோம், இப்போது முடி இல்லாததற்காகவும் எரிகிறோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது.

உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. வந்த காரியத்தை நின்றபடியே சொன்னாள். மரியசெல்வம் துண்டைக் கொடியில் போட்டுவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நாளைக்குக் குருத்து ஞாயிறு. பூசை முடிஞ்சி கோயில்ல வெச்சி வெட்டலாமே?”

“இப்பவே வெட்டுங்க அக்கா. நாளைக்குன்னா யாராவது வேணாம்பாங்க.”

“யாரு?”

“யாராவது.”

மரியசெல்வம் உள்ளே போய் ஆஸ்பத்திரிப் பையிலிருந்து கத்தரிக்கோலைக் கொண்டுவந்தாள். லூர்துமேரியைத் துவைக்கிற கல்லின் மேல் உட்காரவைத்து, பின்னலை நுனியிலிருந்து அவிழ்த்தாள். அவள் கைகள் வேகமாக, வலிக்காமல் வேலை செய்தன. அவிழ்த்த முடி கல்லிலிருந்து வழிந்து தரையைத் தொட்டது. தேங்காய் எண்ணெயின் வாசனை கொல்லை முழுக்கப் பரவியது. பிடரியில் கத்தரிக்கோலின் இரும்பு குளிர்ச்சியாக வந்து பட்டபோது லூர்துமேரி கண்ணை மூடிக்கொண்டாள்.

கத்தரிக்கோல் நகரவில்லை.

“மாமா இன்னா சொன்னாரு?”

“எந்த மாமா?”

“உன் புருஷன்தான்.”

லூர்துமேரி கண்ணைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவ்வளவும் சொல்லியிருக்கமாட்டாள். மூடிய கண்ணோடு, எதிரே கொடியில் ஆடும் துணிகளிடம் சொல்வதுபோலச் சொன்னாள். எண்ணெயைப் பற்றிச் சொன்னாள். ஜன்னலைப் பற்றி, பானையைப் பற்றி, அவன் சீப்பு பிடிக்கிற விதத்தைப் பற்றிச் சொன்னாள். காய்ச்சலில் ஒரு வாரம் தான் கிடந்து தலை சடை பிடித்துப்போனபோதுகூட அவன் அதைத் தொடவில்லை என்றும், அதே வாரம் மழைக்காற்று பட்டுவிடக் கூடாதென்று அந்த முடியை வேப்பிலை போட்டு ட்ரங்குப் பெட்டிக்கு மாற்றினான் என்றும் சொன்னாள்.

“நான் குடுத்தாத்தான் உங்க முடி அந்த வீட்ட விட்டுப் போவும். வெட்டுங்க.”

கத்தரிக்கோலைக் கல்லின் மேல் வைக்கும் ஓசை கேட்டது. மரியசெல்வம் சுற்றி வந்து, எதிரே தரையில் உட்கார்ந்தாள். முகம் சிரிப்புக்கும் வேறு எதற்கோ நடுவில் இருந்தது.

“நான் எதுக்கு முடி குடுத்தேன்னு உனக்கு யாராச்சும் சொன்னாங்களா?”

“பக்தியில குடுத்தீங்க. உங்கம்மா சாகக் கெடந்தாங்களாம். ஊரே சொல்லுது.”

மரியசெல்வம் வீட்டின் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். உள்ளே யாகப்பன் இருமிவிட்டு அடங்கினார். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அம்மா அதற்கு முந்தின மாதமே செத்துப்போய்விட்டாள், ஊர் அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை என்றாள். திண்டிவனம் ஆஸ்பத்திரியில் அம்மாவோடு கிடந்தபோது அங்கே ஒரு நர்ஸம்மாவைப் பார்த்ததாகச் சொன்னாள். வார்டு முழுக்க ஒருத்தியின் கைக்கு அடங்கி நடந்ததைப் பார்த்துவிட்டு, செத்தால்கூட இப்படி ஒரு வேலை செய்துவிட்டுத்தான் சாக வேண்டும் என்று தோன்றியதாம். ஊருக்கு வந்தால் கல்யாணத்துக்கு நாள் பார்த்துவிட்டார்கள்.

“வேணாம்னு ஒரு தரம் சொன்னேன். நைனா பெல்ட்டைக் கழட்டுனாரு. அப்புறம்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சி, முடி குடுத்தவள யாரும் கேக்கக் கூடாதே. வாயால சொன்னா அடி விழுது. முடியால சொன்னேன், சாமியாரு ஆசீர்வாதம் பண்ணுனாரு.”

லூர்துமேரி அவளையே பார்த்தாள்.

“அப்போ... அவரை வேணாம்னுதான்...”

“அவரை மட்டும் இல்ல. யாரா இருந்தாலும் வெட்டியிருப்பேன். இடுப்புக்கு வளர்றதுக்குள்ள ஊரை விட்டுப் போயிடணும்னு தெனம் ராத்திரி அளந்து பாப்பேன். அங்க போனதும் மறுபடியும் வெட்டுனேன். வளர வளர வெட்டிக்கினே இருக்கேன்.”

“அவருக்குத் தெரியாதா?”

“நான் எதுவும் சொன்னதில்ல. புரிஞ்சிக்குவாருன்னு நெனச்சேன். அதுக்கு மேல எப்படித்தான் சொல்றது, சொல்லு? வழிச்சிக் கையில குடுத்தாச்சி.”

இதைக் கேட்டால் தனக்குச் சந்தோஷம் வர வேண்டும் என்று லூர்துமேரிக்குத் தெரிந்தது. அதற்காகக் காத்திருந்தாள். வரவில்லை. ஐந்து வருஷமாக அவள் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தது ஒரு தியாகத்தைப் பார்த்து. காதலித்தவனை விட்டுக்கொடுத்து ஆண்டவருக்கு முடியைக் காணிக்கை வைத்த ஒரு பெரிய மனசைப் பார்த்து. அந்த இடத்தில் இப்போது ஒரு குப்பைக்கூடை இருந்தது. வேண்டாம் என்று ஒருத்தி கழித்துப் போட்டதை, இன்னொருவன் எண்ணெய் தடவி, சிக்கெடுத்து, வேப்பிலை போட்டுப் பாதுகாத்துக்கொண்டிருக்கிறான். அவளுக்கு அவன்மேல் கோபத்தைவிட வெட்கம் அதிகமாக வந்தது. தன் வீட்டு ஆண்மகனைத் தெருவில் யாரோ கேலி பண்ணிவிட்டதைப் போன்ற வெட்கம்.

அதற்கு அடியில் இன்னொன்று. தன்னையும் ஒரு நாள் திரும்பி நிற்கச் சொன்னார்கள். அவள் திரும்பி நின்றாள். நிற்கமாட்டேன் என்று சொல்வதற்கு ஒரு வழி இருந்தது என்பதே அவளுக்குத் தெரியாது. இவளுக்குத் தெரிந்திருந்தது.

“இப்ப வெட்டட்டுமா?” என்று மரியசெல்வம் கேட்டாள். கேலி இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

லூர்துமேரி முடியை இரண்டு கையாலும் வாரிச் சுருட்டி, எண்ணெய்ப் பிசுபிசுப்போடு கொண்டையாக முடிந்துகொண்டு எழுந்தாள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, நாளைக்கு என்றும் சொல்லவில்லை. கொல்லைப் படல் வரைக்கும் போனவளிடம் மரியசெல்வம் சொன்னாள்:

“அவருகிட்ட சொல்றதா இருந்தா நீயே சொல்லு லூர்து. நான் சொன்னா பொல்லாப்பு. சொல்லலைன்னாலும் சரிதான். திங்கக்கிழம நான் போயிடுவேன்.”

திரும்பும் வழி முழுவதும் ‘உங்களை வேணாம்னுதான் அவ முடியை வெட்டுனா’ என்ற ஒரு வாக்கியத்தை லூர்துமேரி வாயில் வைத்துக்கொண்டு நடந்தாள். எப்படிச் சொல்வது என்று பல விதமாகச் சொல்லிப் பார்த்தாள். சோறு போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொல்வது. சீப்பைப் பிடுங்கிக்கொண்டு சொல்வது. சிரித்துக்கொண்டே சொல்வதுதான் நன்றாக வெட்டும் என்று தோன்றியது. கத்தரிக்கோலை அவள் மரியசெல்வம் வீட்டில் விட்டு வந்தாள் என்று யார் சொன்னது? வாயிலே வைத்துக்கொண்டல்லவா வந்திருக்கிறாள். மலை நிழல் இப்போது தெருவை முழுக்க மூடிவிட்டிருந்தது. குழாயடியில் யாரும் இல்லை.

வீட்டில் விளக்கேற்றியிருந்தார்கள். ராயம்மாள் கொல்லையில் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. அமலி பாயில் தூங்கிவிட்டாள். தெருப்பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. இருதயநாதன் அதனருகில் உட்கார்ந்து, நேற்று உதிர்ந்த முடிகளைச் சேர்த்துக் கட்டி, ஊசியால் வலைத்துணியில் தைத்துக்கொண்டிருந்தான். அவள் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தான். அவள் கண்ணைப் பார்க்கவில்லை. முக்காட்டைப் பார்த்தான்.

“எடு, பாக்கலாம்.”

அவள் முக்காட்டைத் தள்ளினாள். கொண்டை இருந்தது. அவன் ஊசியைப் பானையின் மேல் குத்தப் போய், வழுக்கி, விரலில் குத்திக்கொண்டான்.

“அம்மா சொன்னாங்க” என்றான். “நீ வெட்டிட்டியோன்னு நெனச்சேன்.”

“வெட்டலை.”

“வெட்டாதே.”

“ஏன்? உங்களுக்குத்தான் இது இன்னொரு வருஷம் தாங்குமே. அதுக்கா?”

அவன் விரலை வாயில் வைத்துக்கொண்டான். பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொள்வதற்கு அது நல்ல சாக்காக இருந்தது. அவள் அந்த வாக்கியத்தை நாக்கு நுனிக்குக் கொண்டுவந்தாள். சிரிப்பையும் தயார் செய்துகொண்டாள்.

“நேத்து உபதேசியாரு உன் தலையைப் பாத்தாரு” என்றான் அவன். “எல்லாரும் பாத்தாங்க. எனக்குக் கண்ணுல தெரிஞ்சிபோச்சி, அந்தப் பெரியதம்பி பய தலையில உன் முடி. அதைப் போட்டுக்கினு அவன் கீழ வுழுந்து, எவனோ ஒருத்தன் காலைத் துடைக்கிறான்...” அவன் முடிக்கவில்லை. “ஒத்திகையில என்னால உக்கார முடியல.”

தயார் செய்த சிரிப்பு எங்கோ போய்விட்டது. ஆனால் ஐந்து வருஷம் அவ்வளவு சுலபமாகப் போய்விடுமா?

“இவங்க முடி மட்டும் துடைக்கலாமா?”

இருதயநாதன் ஜன்னலைப் பார்த்தான். விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கூந்தல் உயிருள்ளது மாதிரி மினுங்கியது. காலையில் அவன் தடவிய ஒரு சொட்டு எண்ணெயில் எப்படி இவ்வளவு மினுங்குகிறது என்று அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

“அது இப்போ யாரு முடியும் இல்ல” என்றான். “மதலேனம்மாள் முடி.”

அதைச் சொல்லும்போது அவன் கை அதன்மேல்தான் இருந்தது. தன் கை அங்கே இருப்பது அவனுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. நிஜம் சொல்கிறானா, நிஜம் என்று நம்பிக்கொண்டிருக்கிறானா? இப்போது ஒரே ஒரு வாக்கியம் போதும். அந்தக் கை தானாகவே விலகிவிடும், இனி ஒருநாளும் அங்கே போகாது. ஆனால் அப்படி விலகிய கை பிறகு எங்கே போகும் என்பதை அவளால் சொல்ல முடியவில்லை. வெட்டுப்பட்டு விழுந்தது எதுவாக இருந்தாலும் அதைப் பொறுக்கி எடுத்து வைத்துக்கொள்கிற மனுஷன் அவன்.

அவள் வாக்கியத்தை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

பானைப் பக்கத்தில் கிடந்த மரச் சீப்பை எடுத்தாள். அதன் பற்களில் ஒன்றிரண்டு முடி சுற்றியிருந்தது. அவற்றைப் பிரித்து எடுத்து, ஜன்னல் வழியாகத் தெருவில் விட்டாள். பிறகு அவனுக்கு முதுகைக் காட்டி, விளக்குக்கு முன்னால், திறந்த ஜன்னலோரத்தில், தெருவில் போகிற யாருக்கும் நன்றாகத் தெரியும்படி கீழே உட்கார்ந்தாள். ஒரு புருஷன் செய்கிற காரியமில்லை அது. செஞ்சியில் யாரும் செய்து அவள் பார்த்ததில்லை. நாளைக்கே குழாயடியில் பேச்சாகும். கொல்லையில் ராயம்மாள் ஆட்டைக் கட்டிவிட்டுக் கை கழுவும் சத்தம் கேட்டது.

கொண்டையை இழுத்தாள். அவிழ்ந்து, முதுகில் சரிந்து, அவன் மடி வரைக்கும் போய் விழுந்தது. அவன் மூச்சு நின்றதை அவளால் கேட்க முடிந்தது. முகம்தான் தெரியவில்லை.

அவள் திரும்பிப் பார்க்காமல், சீப்பைத் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினாள்.

“எனக்கு ஒரு தரம் வாரி வுடுறீங்களா?”